பக்தாதிலிருந்து இராயபுரம் வரை: நீரிழிவின் வரலாறு தரும் படிப்பினை

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த தொன்மையான ஊர் ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்னும் பழம்பெயருடைய இவ்வூரை நம்மாழ்வார் பிறந்த தலமாக வைணவப் பெருமக்கள் போற்றுகின்றனர். ஆறும் வாய்க்காலும், நெல்லும் வாழையுமாக ஒருபுறம் பசுமை. தெற்கே சில கல் தொலைவு சென்றால் பனைகள் நிற்கும் செம்மணல் தேரி. இவ்விரு நிலங்களுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் நம் மூத்த சகோதரியார் வாழ்ந்து வருகிறார். அவரை லாத்தா என்றே நாம் அழைப்பது வழக்கம்.

சென்ற ஆண்டு அவருடைய வலக்கால் விரல் ஒன்றை மருத்துவர்கள் அகற்ற நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை ஒரு நாளும் தவறவிட மாட்டார். ஆனால் மாத்திரையோடு தம் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தார். செருப்பு கடித்து உண்டான சிறு புண், காலில் உணர்ச்சி குன்றியிருந்தமையால் வலிக்கவில்லை. வலிக்காததை அவரும் பொருட்படுத்தவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவர் நம்மை நோக்கி, "தம்பி, நீ கிதாபு ஓதுனவன்லா? சொல்லு, இது என் நஸீபுதானா?" என்று கேட்டார்.

அன்று நாம் சில ஆறுதல் மொழிகளைச் சொன்னோமேயன்றி விடை சொல்லவில்லை. ஆனால் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. மத்ரஸா நாள்களிலிருந்து நாம் அறிந்துவந்த அரபு மருத்துவ மரபையும், இக்கால மருத்துவர்கள் மெய்ப்பித்துக் காட்டியவற்றையும் ஒருங்கு வைத்துப் பார்த்தோம். அங்ஙனம் கண்டவற்றை வாசகப் பெருமக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். லாத்தாவின் வினா இன்று பல வீடுகளின் வினா என்பதை நாம் அறிவோம்.

இந்திய மருத்துவரும் அரபு மருத்துவரும்

நீரிழிவு புதிய நோயன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருப்பெறத் தொடங்கியதாகக் கருதப்படும் சுஸ்ருதரின் மருத்துவ நூல் அதனை மதுமேகம் என்று அழைக்கிறது. தேனைப் போன்ற சிறுநீர் என்பது அதன் பொருள். அந்நூல் இந்நோயை இருவகைப்படுத்துகிறது. ஒன்று பிறவியோடு வருவது. மற்றொன்று தகாத உணவாலும் பழக்கத்தாலும் வருவது. முதல் வகையினர் மெலிந்தவர். இரண்டாம் வகையினர் பருத்தவர், மிகுதியாக உண்பவர், படுக்கையையும் உறக்கத்தையும் விரும்புபவர். இரண்டாம் வகையினருக்கு அந்நூல் கூறும் மருத்துவம் வியப்புக்குரியது. பொருளில்லாத நோயாளி, செருப்பும் குடையுமின்றி, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காமல், இரந்துண்டு, நூறு யோசனைத் தொலைவு நடக்க வேண்டும். அல்லது கிணறு வெட்ட வேண்டும் என்கிறது. உடலுழைப்பே அங்கு மருந்தாக எழுதித் தரப்பட்டுள்ளது. செருப்பில்லாமல் நடக்கச் சொன்ன ஒன்றைமட்டும் இன்று நாம் ஏற்பதற்கில்லை. உணர்ச்சி குன்றிய கால்களுக்கு அது தீங்காகும்.

இந்நூல் இந்தியாவோடு நின்றுவிடவில்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில், அமைச்சர் யஹ்யா இப்னு காலித் பர்மகீயின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் இதனை பக்தாதில் மொழிபெயர்த்தார் என்று இப்னுந் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்த் நூலில் பதிவு செய்துள்ளார். பின்னர் 850-ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ரப்பன் அத்தபரீ எழுதிய ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா என்னும் மருத்துவ நூல், தன் இறுதிப் பகுதியை இந்திய மருத்துவத்துக்கென்றே ஒதுக்கியது. சரகர், சுஸ்ருதர் ஆகியோரின் கருத்துகள் அங்கே அரபு மொழியில் ஒலிக்கக் காண்கின்றோம். அறிவு எவரிடம் இருப்பினும் அதனைத் தேடிப் பெற்ற காலம் அது.

இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037) தம் அல்கானூன் நூலில் இந்நோயின் பெயர்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று தூலாப். நீர் இறைக்கும் சக்கரத்துக்கு அரபியில் அப்பெயர். நீரை முகந்து முகந்து வெளியே கொட்டும் சக்கரத்தைப் போல, நோயாளி பருகும் நீரெல்லாம் தங்காமல் வெளியேறுவதை அப்பெயர் சுட்டுகிறது. ஏற்றமும் கமலையும் கண்ட நம் பகுதி மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. பக்தாதின் அப்துல் லத்தீஃப் (கி.பி. 1162–1231) இந்நோயைப் பற்றியே தனி நூல் ஒன்று எழுதினார்.

முதலிடம் எதற்கு?

அக்கால மருத்துவர்களுக்கு இன்சுலினும் தெரியாது. இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் வழியும் தெரியாது. ஆயினும் அவர்கள் ஓர் ஒழுங்கைப் பேணினர். அதனைத்தான் நாம் இழந்துவிட்டோம்.

கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் வழிவந்து அரபு நூல்களில் நிலைபெற்ற கருத்து ஒன்றுண்டு. மனிதன் தவிர்க்க இயலாத ஆறு காரணங்கள் அவனுடைய உடல்நலத்தை நிர்ணயிக்கின்றன என்பது அது. அல்-அஸ்பாபுஸ் ஸித்தத்துள் ளரூரிய்யா என்பர். சூழ்ந்துள்ள காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், மனத்தின் நிலைகள், உடல் தேக்குவதும் வெளியேற்றுவதும் ஆகியவை அவ்வாறு. இவற்றைச் சீர்செய்வதற்குத் தத்பீர் என்று பெயர். நோயாளிக்கு முதலில் தத்பீர். அது போதாதபோது மருந்து. அதுவும் போதாதபோது கத்தி. இதுவே வரிசை.

உடல்நலம் காத்தலைப் பற்றிப் பேசும் இடத்தில் இப்னு ஸீனா, ரியாளா எனப்படும் உடற்பயிற்சியை முதலிலும், உணவு முறையை அடுத்தும், உறக்கத்தை மூன்றாவதாகவும் வைக்கிறார். உணவைவிட உழைப்பை முன்வைத்தது கருதத்தக்கது. இக்காலத்தில் வாழ்க்கைமுறை மாற்றம் என்று மருத்துவர்கள் புதுப்பெயர் சூட்டி அழைப்பது நம் முன்னோரின் தத்பீரேயன்றி வேறன்று.

இங்கே நாம் பழம்பெருமை பேசி நின்றுவிடலாகாது. முன்னோர் கூறியது அனுபவத்தால் கண்ட முடிவு. அது எந்த அளவுக்கு உண்மை, எவருக்கு உண்மை, எங்கே தவறும் என்பதை அவர்கள் அளந்து காட்டவில்லை. அளந்து காட்டிய பெருமை இக்காலத்தவரையே சாரும்.

மருந்தின்றி முடியாது

தத்பீர் மட்டுமே போதும் என்று கூறித் திரிவோர் இன்றும் உளர். அவர்களுக்கு வரலாறு விடை கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் கடுமையான பட்டினி உணவுமுறையால் நீரிழிவு நோயாளிகளைக் காக்க முயன்றார். சிறுவர் பலர் எலும்புந்தோலுமாகிச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்தனர், பின் இறந்தனர். சுஸ்ருதர் பிறவியோடு வருவதென்று பிரித்துரைத்த வகையினரை ஒத்தவர் அவர்கள். 1922 ஜனவரி 11-இல் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. முதல் ஊசி எதிர்பார்த்த பயன் தரவில்லை. மேலும் தூய்மைப்படுத்திய மருந்தைச் சில நாள்களுக்குப் பின் செலுத்தியபோது சிறுவன் தேறினான். எத்துணை உணவுக் கட்டுப்பாடும் செய்ய இயலாததை ஒரு துளி மருந்து செய்தது. ஆகவே மருந்து வேண்டியவருக்கு மருந்தே வேண்டும்.

மதராஸில் நடந்த பணி

1907-இலேயே பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கூட்டமொன்றில் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றி விவாதம் நிகழ்ந்தது. வங்காளத்தில் அமர்ந்து எழுதும் தொழிலினரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் அங்கு எடுத்துரைத்தனர். அன்று அது செல்வர் நோய் என்று கருதப்பட்டது.

நம் தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் பேராசிரியர் எம். விசுவநாதன். 1948-இல் மதராஸ் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை நிறுவினார். மேனாட்டுப் பாடநூல்கள் மாவுச்சத்தை அறவே குறைக்கச் சொல்லிய காலத்தில், சோறும் பருப்பும் உண்டு வாழும் நம் மக்களால் அம்முறையைப் பின்பற்ற இயலாது என்பதை அவர் உணர்ந்தார். நார்ப்பொருள் மிகுந்த தானியம், பருப்பு, காய், கீரை ஆகியவற்றைக் கொண்ட உணவுமுறையை அவரும் அவர்தம் குழுவினரும் வகுத்தனர். நோயாளியின் அடுக்களையை அறிந்து மருத்துவம் செய்தனர் எனலாம்.

1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில் நகரங்களில் நூற்றுக்கு 2.1 பேரும் கிராமங்களில் 1.5 பேரும் இந்நோய் உடையோராயிருந்தனர். மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை நகரில் இது 8.2 ஆகவும் அருகிலிருந்த கிராமப் பகுதியில் 2.4 ஆகவும் இருந்தது. கிராமம் தன் மக்களைக் காத்து நின்றது. ஆனால் அதே கிராமப் பகுதியில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது அக்கணக்கு 6-ஐத் தாண்டியிருந்தது. கிராமத்தவரின் இரத்தம் மாறவில்லை, வாழ்க்கை மாறியது. ஏரும் மிதிவண்டியும் போய் இயந்திரமும் மோட்டார் வண்டியும் வந்தன. 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசற்படியிலும் இருப்பதாக மதிப்பிட்டது.

அவ்வாசற்படியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? இதனையே சென்னையில் ஆராய்ந்தனர். இரத்தச் சர்க்கரை சற்றே உயர்ந்து, ஆனால் நோய் என்னும் எல்லையை எட்டாத 531 பேரை நான்கு பிரிவினராக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் 30 நிமிடமேனும் விரைந்து நடக்கவும், சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து நார்ப்பொருளைக் கூட்டவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டனர். மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். முடிவு 2006-இல் வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகளாயினர். நடையும் உணவும் மாற்றிய பிரிவில் அது 39.3, மாத்திரைப் பிரிவில் 40.5, இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5.

இவ்வெண்களை ஊன்றி நோக்குக. நடையும் உணவும் மாத்திரைக்கு இணையாக நின்றன. அதிலும், நடந்தவர்களின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; குறையாமலே பயன் விளைந்தது. எடை இறங்கவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்துவோர் இதனை நினைவிற்கொள்க. மற்றொன்றும் உண்டு. எல்லாம் செய்தும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. ஆகவே நோயுற்ற ஒருவரைப் பார்த்து, "நீர் வாயைக் கட்டவில்லை, அதனால் வந்தது" என்று பழித்தல் அறமன்று, அறிவுமன்று.

இதயமும் இவ்வழியே

சர்க்கரை நோயும் இதய நோயும் ஒரே வீட்டில் வளரும் உடன்பிறப்புகள். 1953-இல் லண்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ் ஓர் எளிய உண்மையை வெளியிட்டார். அந்நகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவு என்பது அது. ஒரே வண்டி, ஒரே சாலை. வேறுபாடு கால்களில் இருந்தது.

செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்து உலகப் புகழ்பெற்ற இதயநோய் அறிஞர் ஸலீம் யூசுஃப். அவருடைய தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், தொந்தி, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை முதலான ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்புக்குரிய அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று அது காட்டியது. அதே ஆய்வின் தொடர்ச்சி மற்றொரு வேதனையான செய்தியையும் தந்தது. பிற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 58.8 வயதில் வர, தெற்காசிய மக்களுக்கு 53 வயதிலேயே வருகிறது. மகளின் நிக்காஹை முடிக்கும் முன்னே தந்தை மறையும் வீடுகள் நம்மிடையே ஏன் மிகுதி என்பதை இவ்வெண் உணர்த்துகிறது.

தத்பீரின் பயன் நெடுங்காலம் நிற்குமா? 1986-இல் சீனாவின் தாச்சிங் நகரில், நோயின் வாசற்படியில் நின்ற 577 பேரிடம் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தந்தது. ஆறாண்டுகள் மட்டுமே அவர்களுக்கு வழிகாட்டினர். முப்பதாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டப்பட்டவருக்கு நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தி வந்தது. இதய, இரத்தக்குழாய் நோய்கள் 26 விழுக்காடு குறைந்தன. ஆயுளும் ஒன்றரை ஆண்டளவு கூடியது.

நம் தட்டும் நம் தெருவும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பாட்டனார் காலத்தில் இப்பள்ளத்தாக்கின் காரும் பிசானமும் உரலில் குத்தப்பட்டன. தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு தங்கியது. இன்றைய ஆலை அரிசி வெண்முத்துப்போல் ஒளிர்கிறது. விரைவில் செரித்துச் சர்க்கரையாகிறது. 21 நாடுகளில் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெண்சோறு உண்பவருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவரைவிட, நீரிழிவு அபாயம் மிகுந்திருந்தது. தெற்காசியாவில் அவ்வேறுபாடு எல்லாப் பகுதிகளையும்விட அதிகம். சோற்றை விடச் சொல்லவில்லை. அகப்பையை அளவோடு எடுக்கச் சொல்கிறோம். ஒரு கை சோறு குறைந்தால் அவ்விடத்தைக் கீரையும் காயும் பருப்பும் மீனும் நிரப்பலாம்.

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் விருந்தின்போது ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் இனிய வழக்கம் உண்டு. அன்பை வளர்க்கும் அவ்வழக்கம் வாழ்க. ஆயினும் நெய்ச்சோறும் களறிக்கறியும் குவிந்த சஹனில் எவர் எவ்வளவு உண்டார் என்பதற்குக் கணக்கில்லை. நோயுள்ளவர் முதலிலேயே தம் பங்கை எண்ணிக்கொண்டு அமர்வதே வழி. அவரை மேலும் மேலும் உண்ணுமாறு வற்புறுத்துவது உபசாரமன்று. கருப்பட்டி தீங்கற்றது என்ற எண்ணமும் நம் பகுதியில் வேரூன்றியுள்ளது. உடன்குடிக் கருப்பட்டியின் சுவைக்கு நாமும் அடிமையே. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரையே. இரத்தம் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை.

நம் பெண்மக்களின் நிலை தனியே கருதத்தக்கது. ஆண்கள் தொழுகைக்கும் கடைக்குமாகச் சிறிதேனும் நடக்கின்றனர். அம்மியும் உரலும் கிணற்றுக் கயிறும் வீட்டைவிட்டுப் போனபின், பெண்களுக்கு எஞ்சியது அடுப்படியும் நாற்காலியுமே. அவர்கள் நடப்பதற்கு நேரமும் இடமும் துணையும் ஒதுக்குவது ஆண்களின் பொறுப்பு. மாடியும் முற்றமும்கூட நடைக்குப் போதும்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. இன்சுலின் செலுத்துவோரும் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் இயல்புடையோரும் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தின் வேளையை எங்ஙனம் மாற்றுவது என்று கேட்டறிய வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. எந்தக் காலத்திலும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. நடையால் சர்க்கரை இறங்கினால் மருந்தைக் குறைப்பவர் மருத்துவராகவே இருக்கட்டும். நாள்தோறும் உறங்குமுன் பாதங்களைப் பார்த்துக்கொள்க. லாத்தாவின் விரல் நமக்குக் கற்றுத் தந்த பாடம் இது.

லாத்தாவுக்கு நாம் சொன்ன விடை

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணமானார்கள். ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. ஆலோசித்தபின் திரும்பிவிட முடிவு செய்தார்கள். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள், இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று வினவினார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) விடையிறுத்தார்கள். ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எப்பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படியே அன்றோ என்று உவமையும் கூறினார்கள்.

சென்ற மாதம் லாத்தாவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இவ்வரலாற்றை அவருக்குச் சொன்னோம். கண்முன்னே ஒருபுறம் வாய்க்காலும் வயலும். மறுபுறம் தேரிக்குப் போகும் வழி. "நோய் வந்தது நஸீபாக இருக்கலாம், லாத்தா. விரல் போனதும் நடந்து முடிந்ததே. ஆனால் இனி நாம் எந்தப் பக்கம் மேய்க்கிறோம் என்பதைப் பற்றி நம்மிடம் கேள்வி உண்டு" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் மருமகளை அழைத்து, "நாளைலேர்ந்து என் தட்டுல ஒரு அகப்பை சோறு குறைச்சு வையி" என்றார்.

மருத்துவர் கால் புண் ஆறிற்று என்று உறுதி செய்தபின், பாதம் முழுவதையும் மூடிய மிதியடி அணிந்து, அஸர் தொழுகைக்குப் பின் அவர் வாய்க்காற்கரையில் மெல்ல நடக்கிறார். உடன் நடப்பவள் அவருடைய பேத்தி. அப்பெண்ணுக்கு வயது பதினாறு. நம் வீடுகளில் இந்நோயின் வாசற்படியை அவள் தலைமுறையேனும் மிதிக்காமல் திரும்ப வல்ல நாயன் அருள்புரிவானாக.